பெயர் தெரியாத நபர்களின் கையால்

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் கறுப்பினத்தவரைக் கும்பலாகச் சேர்ந்து கொல்லும் 'லிஞ்சிங்' கொடுமைக்கு எதிராக 2022இல்தான் சட்டம் வந்தது என்று படித்தேன். கொலை எப்போதுமே குற்றம்தானே, தனிச் சட்டம் எதற்கு? அதற்கு ஏன் இத்தனை காலம்? அதற்குள் அந்தக் கொலைகள் பெருமளவு நின்றுவிட்டன என்றால், நிறுத்தியது யார்?"

முதல் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டில் இந்தச் சட்டத்தை மறித்தவர்கள் பல ஆண்டுகள் கேட்ட கேள்வியும் அதுவேதான். கொலையைத் தண்டிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் சட்டம் இருக்கிறது, மத்திய அரசு ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்றார்கள். காகிதத்தில் குறை சொல்ல முடியாத வாதம். நடைமுறை எப்படி இருந்தது என்று பாருங்கள். ஊருக்கு நடுவே, பட்டப்பகலில், ஆயிரக்கணக்கானோர் பார்க்க ஒருவரைத் தூக்கிலிட்டுவிடுவார்கள். மறுநாள் மரண விசாரணை அதிகாரி வருவார், சாட்சிகளைக் கேட்பார், அறிக்கை எழுதுவார். அறிக்கையில் திரும்பத் திரும்ப வரும் வாசகம் ஒன்று உண்டு: "பெயர் தெரியாத நபர்களின் கையால் மரணம்." கொன்றவர்கள் முகமூடிகூடப் போடாமல் புகைப்படத்துக்கு நின்றிருப்பார்கள். அந்தப் படம் அஞ்சலட்டையாக அச்சாகிக் கடையில் விற்கும். ஆனால் பெயர் தெரியாது!

ஆக, சட்டம் இல்லாததால் நடந்த கொலைகள் அல்ல இவை. சட்டத்தைக் கையில் வைத்திருந்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டதால் நடந்தவை. பல இடங்களில் சிறைச் சாவியைக் கொடுத்ததே அவர்கள்தான். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றக் கேள்விகளுக்கும் வழி கிடைக்கும்.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்ப் பத்திரிகைகள் லிஞ்சிங்கை 'அடித்துக் கொலை' என்றும் 'கும்பல் கொலை' என்றும் எழுதுகின்றன. இரண்டுமே முழுப் பொருத்தம் இல்லை. அமெரிக்காவில் கொல்லப்பட்டவர்களில் பலர் தூக்கிலிடப்பட்டார்கள், சுடப்பட்டார்கள், உயிரோடு எரிக்கப்பட்டார்கள். திடீர் ஆத்திரத்தில் கை ஓங்கிய கும்பல் என்ற எண்ணத்தையும் அந்தச் சொற்கள் தந்துவிடுகின்றன. முன்கூட்டியே நேரம் குறித்து, செய்தித்தாளில் அறிவித்து, கூட்டம் சேர்த்துச் செய்ததும் உண்டு. அதனால் நான் லிஞ்சிங் என்றே எழுதுகிறேன்.

உள்நாட்டுப் போருக்குப் பிறகு அடிமை முறை ஒழிந்து கறுப்பின ஆண்களுக்கு வாக்குரிமை வந்தது. 1877இல் தெற்கிலிருந்து மத்தியப் படைகளின் காவல் விலகியதும் பழைய எஜமானர்கள் கை ஓங்கியது. டஸ்கிகி என்ற கறுப்பினத்தவர் கல்விக்கூடம் ஆண்டுதோறும் எடுத்த கணக்கின்படி 1882 முதல் 1968 வரை லிஞ்சிங்கில் இறந்தவர்கள் 4,743 பேர். அவர்களில் 3,446 பேர் கறுப்பினத்தவர். மீதிப் பேரில் மெக்சிகர்களும் குடியேறிகளும் உண்டு. 1891இல் நியூ ஆர்லியன்சில் ஒரே நாளில் 11 இத்தாலியர்கள் கொல்லப்பட்டார்கள். கணக்கில் வராதவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் ஏறும். உச்சம் 1892: அந்த ஓராண்டில் 230 பேர்.

அந்த 230இல் மூவர் டென்னசி மாநிலத்து மெம்ஃபிஸ் நகரத்து மளிகைக்கடைக்காரர்கள். இவர்கள் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் லிஞ்சிங்குக்கு எதிரான போராட்டம் உருப்பெற்றது இங்கேதான்.

தாமஸ் மாஸ் தபால்காரர். நண்பர்களுடன் கூட்டாக, ஊர் எல்லையில் டிராம் வண்டி வளைந்து திரும்பும் முனையில் ஒரு மளிகைக்கடை வைத்தார். பெயர் 'மக்கள் மளிகை'. எதிரே ஏற்கெனவே ஒரு வெள்ளையரின் கடை இருந்தது. அதுவரை அந்த வட்டாரத்தில் போட்டியே இல்லாமல் விற்றவர் அவர். கோலி விளையாட்டில் சிறுவர்களுக்குள் மூண்ட ஒரு சண்டை பெரியவர்கள் சண்டையாயிற்று. பிறகு ஓர் இரவு, சீருடை இல்லாத ஆயுதக் காவலர்கள் கடைக்குள் புகுந்தார்கள். கொள்ளையர் என்று நினைத்து உள்ளே இருந்தவர்கள் சுட, காவலர் மூவருக்குக் காயம். மாஸும் கால்வின் மெக்டவலும் வில் ஸ்டூவர்ட்டும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். மார்ச் 9 விடியலுக்கு முன் முகமூடிக் கும்பல் ஒன்று மூவரையும் சிறையிலிருந்து இழுத்துக்கொண்டு போய் ரயில் தண்டவாளத்தின் ஓரம் சுட்டுக் கொன்றது. "என் மக்களை மேற்கே போகச் சொல்லுங்கள், இங்கே அவர்களுக்கு நீதி இல்லை" என்று மாஸ் கடைசியாகச் சொன்னதாக உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அந்த வார்த்தை பத்திரிகைக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசித்துப் பாருங்கள். நிருபர் அங்கே நின்றிருக்க வேண்டும், அல்லது நின்றிருந்த ஒருவர் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனாலும் ஒருவர்மீதும் வழக்கு இல்லை.

மாஸின் மகளுக்கு ஞானத்தாய் ஐடா பி. வெல்ஸ். 1862இல் அடிமையாகப் பிறந்தவர். 16 வயதில் மஞ்சள் காய்ச்சலுக்குப் பெற்றோரை இழந்து, ஆசிரியை வேலை பார்த்துத் தம்பி தங்கைகளை வளர்த்தவர். அப்போது மெம்ஃபிஸில் 'ஃப்ரீ ஸ்பீச்' என்ற கறுப்பினப் பத்திரிகையின் பங்குதாரர், ஆசிரியர். லிஞ்சிங் தவறு என்றாலும், பெண்ணைக் கெடுத்தவன்மீது ஊருக்கு வரும் கோபம் அது என்று தானும் அதுவரை நம்பியதாக வெல்ஸ் பின்னாளில் எழுதினார். மாஸ் யாரையும் தொட்டவர் அல்லர். வியாபாரம் செய்தார், அவ்வளவுதான். அப்படியானால் மற்றவர்கள்?

அவர் செய்த காரியம் எளிது. எண்ணினார். 'சிகாகோ ட்ரிப்யூன்' ஆண்டுதோறும் வெளியிட்ட பட்டியலை எடுத்துக்கொண்டார். வெள்ளையர் பத்திரிகையின் கணக்கு, ஆகவே மிகைப்படுத்தல் என்று யாரும் தள்ள முடியாது. எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 கறுப்பினத்தவரில் மூன்றில் ஒரு பங்கினர்மீதுதான் பாலியல் குற்றச்சாட்டே இருந்தது. நிரூபணம் அல்ல, வெறும் குற்றச்சாட்டு. மற்றவர்கள் கடன் தகராறு, எதிர்த்துப் பேச்சு, திருட்டுச் சந்தேகம் என்று செத்தவர்கள். சம்மதத்தோடு இருந்த உறவுகளையும் பிடிபட்டதும் பலாத்காரம் என்று சொல்லிவிடுகிறார்கள் என்பதையும் எழுதினார். 1892 மே மாதம் அதை அவர் தலையங்கத்தில் கோடிகாட்டியபோது ஊரில் இல்லை, வடக்கே போயிருந்தார். கும்பல் பத்திரிகை அலுவலகத்தை அடித்து நொறுக்கியது. திரும்பி வந்தால் கொல்வோம் என்று தகவலும் போயிற்று. நியூயார்க்கில் தங்கி அங்கிருந்தே எழுதினார்.

இடையில் நடந்த ஒரு சின்னச் சம்பவம் எனக்கு மிகவும் பிடித்தது. மாஸ் கொலைக்குப் பிறகு கறுப்பினத்தவர் ஆயிரக்கணக்கில் மெம்ஃபிஸை விட்டுக் கிளம்பினார்கள். இருந்தவர்கள் டிராமில் ஏறுவதை நிறுத்தினார்கள். டிராம் கம்பெனி அதிகாரிகள் இருவர் வெல்ஸின் அலுவலகத்துக்கே வந்து, "மின்சார வண்டியைக் கண்டு உங்கள் மக்கள் பயப்படுகிறார்களோ? பயமில்லை என்று எழுதுங்களேன்" என்று கேட்டார்கள். மூன்று பேரைக் கொன்றது காரணமாக இருக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவே இல்லை. வந்தவர்கள் போன பிறகு, வெல்ஸ் தேவாலயம் தேவாலயமாகச் சென்று டிராமில் ஏறாதீர்கள் என்று சொன்னார்.

1893இல் அவரைப் பிரிட்டனுக்கு அழைத்தவர்களில் ஒருவர் கேதரின் இம்பி. இந்தப் பெண்மணி 1888 முதல் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரிலிருந்து நடத்திய பத்திரிகையின் பெயர் 'ஆன்டி-காஸ்ட்', அதாவது 'சாதி எதிர்ப்பு'. நிறவெறியைக் குறிக்க அவர் தேர்ந்தெடுத்தது நம் பக்கத்துச் சொல்லை. பிறப்பால் மேல் கீழ் வகுப்பது எந்த நாட்டில் நடந்தாலும் ஒன்றே என்பது அவர் வாதம். தமிழ் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெல்ஸின் பிரிட்டன் பேச்சுகள் தெற்கு வணிகர்களுக்கு உறைத்தன, ஏனென்றால் அவர்கள் பருத்தியை வாங்கியது பிரிட்டன். 1894இல் மெம்ஃபிஸ் அருகே ஆறு பேர் கொல்லப்பட்டபோது நகரத்துப் பிரமுகர்கள் கூட்டம் போட்டுக் கண்டித்தார்கள். இரண்டே ஆண்டுக்கு முன் வாயே திறக்காத ஊர் அது. மனம் மாறிற்றா, வியாபாரக் கணக்கா என்று கேட்டால் நான் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நீதிமன்றம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். ஒரே ஒரு தடவை உச்ச நீதிமன்றம் கையை நீட்டியது. 1906, அதே டென்னசியின் சாட்டனூகா நகரம். எட் ஜான்சன் என்ற இளைஞருக்கு அவசர விசாரணையில் மரண தண்டனை விதித்திருந்தார்கள். நோவா பார்டன் என்ற கறுப்பின வழக்கறிஞர் வாஷிங்டன் வரை போய் உச்ச நீதிமன்ற நீதிபதி ஹார்லனிடம் தண்டனைக்குத் தடை வாங்கி வந்தார். தடை கிடைத்த செய்தி வந்த மார்ச் 19 இரவு, சிறையில் வழக்கமான காவல் இல்லை. வயதான ஒரே காவலர். கும்பல் ஜான்சனை வால்நட் தெருப் பாலத்துக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டது. "உங்கள் எல்லோரையும் கடவுள் ஆசீர்வதிப்பாராக. நான் நிரபராதி" என்பது அவர் கடைசி வாக்கு. உடலில் நீதிபதி ஹார்லனுக்கு ஒரு சீட்டுக் குத்தியிருந்தார்கள்: உன் ஆளை இப்போது வந்து எடுத்துக்கொள் என்று.

உச்ச நீதிமன்றம் கொதித்துப்போய், ஷெரீஃப், அதாவது உள்ளூர்க் காவல் தலைவர், ஜோசஃப் ஷிப் உள்ளிட்டவர்கள்மீது அவமதிப்பு வழக்கைத் தானே விசாரித்தது. அந்த நீதிமன்றம் தன் வரலாற்றில் நடத்திய ஒரே குற்ற விசாரணை அதுதான். 1909இல் ஷிப்புக்குத் தண்டனை கிடைத்தது. எவ்வளவு? 90 நாள். சிறையிலிருந்து ஊர் திரும்பியபோது ஆயிரக்கணக்கானோர் ரயில் நிலையத்தில் வரவேற்றார்கள். வழக்கை நடத்திய பார்டன் ஊரைவிட்டு ஓட வேண்டியதாயிற்று. ஜான்சன்மீதான தீர்ப்பு ரத்தானது 2000ஆம் ஆண்டில். பாலம் இன்றும் இருக்கிறது. மாலையில் மக்கள் காலாற நடக்கிறார்கள்.

கறுப்பினத்தவர் உரிமைக்காக 1909இல் தொடங்கிய என்ஏஏசிபி என்ற அமைப்பு வெல்ஸின் வழியைப் பெரிய அளவில் எடுத்துக்கொண்டது: போய்ப் பார், பெயரைக் கண்டுபிடி, வெளியிடு. 1916 மே மாதம் டெக்சஸின் வேக்கோ நகரில் ஜெஸ்ஸி வாஷிங்டன் என்ற 17 வயதுப் பையனைப் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கூட்டம் பார்த்திருக்க எரித்தார்கள். நகரசபைக் கட்டடத்திலிருந்து மேயர் வேடிக்கை பார்த்தார். புகைப்படக்காரருக்கு அங்கேயே இடம் கிடைத்தது. எலிசபெத் ஃப்ரீமன் என்ற பெண்மணி, பெண்கள் வாக்குரிமைக்காகச் சுற்றிக்கொண்டிருந்தவர், வேக்கோவில் தங்கி விசாரித்து அந்தப் படங்களையே வாங்கிவந்துவிட்டார். பெருமைக்கு எடுத்த படங்கள் அமைப்பின் 'க்ரைசிஸ்' இதழில் சாட்சியாக வந்தன.

அதே அமைப்பின் வால்டர் வைட்டின் கதை இன்னும் விசித்திரம். பொன்னிற முடி, நீலக் கண். ஆனால் கறுப்பினக் குடும்பம். வெள்ளையர் வேடத்தில், வேடம் என்றுகூடச் சொல்ல முடியாது, இருக்கிறபடியே போய்க் கொலை நடந்த ஊர்க் கடைத் திண்ணையில் உட்கார்ந்து பேச்சுக் கொடுப்பார். ஊரார் தாங்களே எல்லாவற்றையும் பெருமையாகச் சொல்லிவிடுவார்கள். இப்படி 41 லிஞ்சிங்குகளை விசாரித்தார். 1919இல் ஆர்கன்சாவில் ஆள் அடையாளம் தெரிந்துவிட்டது என்று யாரோ எச்சரிக்க, ஓடிப்போய் ரயிலில் ஏறினார். நடத்துநர் அவரிடமே சொன்னாராம்: "நல்ல வேடிக்கை தொடங்கும் நேரத்தில் கிளம்புகிறீர்களே, வெள்ளைக்காரன்போல ஒரு கறுப்பன் ஊருக்குள் திரிகிறானாம், பிடிக்கப்போகிறார்கள்." வைட் டிக்கெட்டைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டார்.

இனி சட்டத்துக்கு வருகிறேன். 1900இல் அப்போது நாடாளுமன்றத்தில் இருந்த ஒரே கறுப்பின உறுப்பினர் ஜார்ஜ் ஹென்றி வைட் முதல் மசோதாவைக் கொண்டுவந்தார், குழுவிலேயே செத்தது. 1918இல் மிசூரியின் லியோனிடஸ் டையர் கொண்டுவந்த மசோதாதான் நீங்கள் கேட்டதற்கு நேரான விடை. கும்பலை மட்டும் அது குறிவைக்கவில்லை. கைதியைக் காக்கத் தவறிய அதிகாரிக்குச் சிறை. லிஞ்சிங் நடந்த கவுண்டி, அதாவது நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு, இறந்தவர் குடும்பத்துக்கு 10,000 டாலர் தர வேண்டும் என்றது. வரிப்பணம் போகும் என்றால் கைகட்டி நின்ற ஊரார் சும்மா இருப்பார்களா? அந்த நரம்பைப் பிடித்த மசோதா அது. 1922 ஜனவரியில் கீழவை நிறைவேற்றியது. செனட்டில் தென் மாநில உறுப்பினர்கள் முடிவே இல்லாமல் பேசிக்கொண்டே இருந்து வாக்கெடுப்பு வராமல் தடுத்தார்கள். அந்த அவையின் விதி அதற்கு இடம் கொடுத்தது. டிசம்பரில் மசோதா கைவிடப்பட்டது.

1937லும் 1940லும் கீழவை மறுபடி நிறைவேற்ற, செனட் மறுபடி மறித்தது. 1938இல் பேச்சு வாரக்கணக்கில் ஓடியது. அதிபர் ரூஸ்வெல்ட் லிஞ்சிங்கைக் கண்டித்தார், ஆனால் மசோதாவுக்குத் தோள் கொடுக்கவில்லை. வால்டர் வைட்டிடம் அவர் சொன்ன காரணம் ஒளிவுமறைவில்லாதது: செனட் குழுக்கள் தென் மாநிலத்தவர் கையில் இருக்கின்றன, இதை ஆதரித்தால் நான் கேட்கும் மற்றச் சட்டங்கள் எல்லாவற்றையும் முடக்கிவிடுவார்கள். அரசியல்வாதியாக அவர் கணக்குச் சரிதான். அந்தக் கணக்கில் உயிர்கள் எந்தப் பத்தியில் வந்தன என்பதுதான் கேள்வி.

அப்படியானால் நிறுத்தியது எது? ஒற்றை விடை இல்லை. எனக்கு முதலில் தோன்றுவது மாஸின் கடைசிச் சொல்: மக்கள் கிளம்பினார்கள். 1910களிலிருந்து லட்சக்கணக்கான கறுப்பினத்தவர் சிகாகோ, டெட்ராய்ட், நியூயார்க் என்று போய்விட, பண்ணைக்கு ஆள் இல்லாமல் முதலாளிகள் திண்டாடினார்கள். போனவர்களுக்கு அங்கே வாக்கு இருந்தது. ஜெஸ்ஸி டேனியல் ஏம்ஸ் 1930இல் தெற்கின் வெள்ளைப் பெண்களைத் திரட்டி, "எங்கள் மானத்தின் பெயரால் கொல்லாதீர்கள்" என்று பல்லாயிரம் கையெழுத்து வாங்கினார். ஷெரீஃபுகளிடமும் உறுதிமொழி வாங்கினார். அதே ஏம்ஸ் மத்தியச் சட்டத்தை எதிர்த்தார் என்பது வேடிக்கையான முரண். கசப்பான காரணம் ஒன்றும் உண்டு: கும்பல் செய்ததைச் சில இடங்களில் நீதிமன்றமே அவசர விசாரணை நடத்திச் செய்யத் தொடங்கியது. டஸ்கிகி கணக்கில் லிஞ்சிங்கே இல்லாத முதல் ஆண்டு 1952.

மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு, 1955 ஆகஸ்டில், சிகாகோவிலிருந்து மிசிசிப்பிக்கு உறவினர் வீட்டுக்கு வந்த 14 வயது எம்மெட் டில்லைக் கடத்திக் கொன்று ஆற்றில் போட்டார்கள். தாய் மேமி டில் சவப்பெட்டியை மூடவிடவில்லை. என் மகனுக்குச் செய்ததை உலகம் பார்க்கட்டும் என்றார். இருவர்மீது வழக்கு நீதிமன்றம் போயிற்று. வீட்டிலிருந்து பையனை இழுத்துச் சென்றது யார் என்று கேட்டபோது, தாத்தா முறையுள்ள மோசஸ் ரைட் சாட்சிக் கூண்டில் எழுந்து நின்று கையை நீட்டிக் காட்டினார். மிசிசிப்பியில், வெள்ளையர் நிறைந்த நீதிமன்றத்தில், 64 வயதுக் கறுப்பின விவசாயி ஒருவர். ஜூரிக் குழுவினர் 67 நிமிடத்தில் விடுதலை என்றார்கள். சில மாதங்களில் அந்த இருவரும் ஒரு பத்திரிகையிடம் பணம் வாங்கிக்கொண்டு, ஆமாம் நாங்கள்தான் கொன்றோம் என்று சொல்லிவிட்டார்கள். விடுதலையானவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது.

சட்டத்தை நிறைவேற்றாததற்காக 2005இல் செனட் மன்னிப்புக் கேட்டது. 1930இல் இண்டியானாவில் தூக்குக் கயிறு கழுத்தில் ஏறிய பிறகு தப்பிப் பிழைத்த ஜேம்ஸ் கேமரன், 91 வயதில், அன்று அங்கே வந்திருந்தார். 2022 மார்ச் 29 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட சட்டத்துக்கு எம்மெட் டில்லின் பெயர். இன வெறுப்பால் கூடித் திட்டமிட்டுக் கொல்பவர்களுக்கு 30 ஆண்டு வரை சிறை என்கிறது. நல்லதுதான். ஆனால் டையர் மசோதா பிடித்த நரம்பு, அதாவது கைகட்டி நின்ற ஷெரீஃபும் கவுண்டியும், இதில் இல்லை. நூறாண்டு தாமதித்து வந்த சட்டம் நூறாண்டுக்கு முந்தையதைவிட மென்மையானது என்பது என் கருத்து.

அலபாமாவின் மாண்ட்கமரியில் 2018இல் ஒரு நினைவிடம் திறந்தார்கள். லிஞ்சிங் நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் ஓர் இரும்புத் தூண், மொத்தம் எண்ணூறுக்கு மேல், கூரையிலிருந்து தொங்குகின்றன. ஒவ்வொன்றிலும் இறந்தவர் பெயர், தேதி. ஒவ்வொரு தூணுக்கும் ஒரு நகல் செய்து வெளியே வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள், அந்தந்தக் கவுண்டி வந்து தன்னுடையதைக் கேட்டு எடுத்துக்கொண்டு போய் ஊரில் நிறுத்தட்டும் என்று. சில தூண்களில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெயர் தெரியவில்லை' என்று வெட்டியிருக்கிறது. இந்தத் தடவை அது கொல்லப்பட்டவரைக் குறிக்கிறது.